செல்களுக்கு இடையிலான இணைப்பைப் பள்ளி நுண்ணோக்கியில் காணும் முறை

மேல்நிலை வகுப்பில் செல்லியல் பாடம் நடக்கும்போது, புத்தகத்துப் படத்தில் இரண்டு தாவரச் செல்களுக்கு நடுவே வரைந்திருக்கும், செல்சுவரைக் கடந்து இரண்டையும் இணைக்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டா இழைகளைக் காட்டி, இதை நம் ஆய்வகத்திலேயே பார்க்கலாமா என்று ஒருவராவது கேட்பார். அந்த இழை ஒன்றை மட்டும் தனியே காட்டச் சொன்னால் முடியாது. ஆனால் அந்த இழைகள் கடந்து செல்லும் வழியையும், செல்லோடு செல்லை ஒட்டவைத்திருக்கும் பசையையும், வெளியிலிருந்து வந்த செய்தியால் ஒரு செல் தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதையும் சாதாரண நுண்ணோக்கியிலேயே காட்டிவிடலாம். உருப்பெருக்கத்தைக் கூட்டுவதைவிடப் பார்க்கும் பொருளைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதே இதற்கு முக்கியம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு அந்தப் பொருள்கள் உழவர் சந்தையிலும் வயல்வரப்பிலும் எளிதில் கிடைப்பவைதாம்: தக்காளி, பழுத்த மிளகாய், பேரீச்சங்கொட்டை, வெங்காயம், கேழ்வரகு இலை. இவற்றை எப்படித் தயாரிப்பது, எதைத் தேடுவது, கண்டதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதை ஆசிரியர்களுக்கும் தாமே செய்துபார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே விளக்குகிறேன்.

கருவியின் எல்லை

ஒளி நுண்ணோக்கி எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதற்கு இயற்பியல் வகுத்த வரம்பு ஒன்று உண்டு. ஒளியின் அலைநீளமும், லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை உள்வாங்குகிறது என்பதும் சேர்ந்து அந்த வரம்பைத் தீர்மானிக்கின்றன என்பதை ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே 1873-இல் விளக்கினார். பொருளருகு லென்ஸின் மேல் 40/0.65 என்று பொறித்திருந்தால், முதல் எண் உருப்பெருக்கத்தையும் இரண்டாவது எண் ஒளியை வாங்கும் திறனையும் குறிக்கின்றன. பச்சை ஒளியில் இந்த லென்ஸ், சுமார் அரை மைக்ரோமீட்டர் தள்ளியுள்ள இரண்டு புள்ளிகளை இரண்டாகவே காட்டும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸில் அந்த அளவு ஏறத்தாழ 250 நானோமீட்டருக்கு இறங்குகிறது. பிளாஸ்மோடெஸ்மாட்டா இழை ஒன்றின் விட்டமோ 30 முதல் 60 நானோமீட்டர்தான்.

எனவே 2000 மடங்கு என்று விளம்பரப்படுத்தப்படும் மலிவுக் கருவிகளை வாங்குவது வீண்செலவு என்பதே என் கருத்து. மங்கலான படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்கல்தான் பெரிதாகும். 4, 10, 40 மடங்கு லென்ஸ்கள் ஒழுங்காக உள்ள பழைய பள்ளிக் கருவியே இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் போதும். அதுவும் இல்லாதவர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் அறிமுகப்படுத்திய, தாளை மடித்துச் செய்யும் ஃபோல்ட்ஸ்கோப்பைப் பயன்படுத்தலாம். சுமார் 140 மடங்கு பெருக்கிக் காட்டும் அக்கருவி தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் நன்றாகவே உதவும். மிளகாய்த் தோலின் நுண்குழிகளில்தான் அது தடுமாறும்.

முதலில் ஒளியைச் சரிசெய்யுங்கள்

படம் தெளிவாக இல்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் லென்ஸைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை ஒளியில் இருக்கும். கண்ணாடி பொருத்திய கருவியாக இருந்தால் ஜன்னலோரம் வைத்து, வெளுத்த வானத்தை நோக்கித் திருப்புங்கள். வெயிலை நேராகக் கண்ணாடியில் வாங்கக் கூடாது. அது விழித்திரையைப் பாதிக்கும். மேடைக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சர் லென்ஸ் இருந்தால் கண்ணாடியின் தட்டைப் பக்கத்தையும், இல்லாவிட்டால் குழிந்த பக்கத்தையும் பயன்படுத்த வேண்டும். மின்வெட்டு நேரத்தில் வகுப்பு நடத்த நேர்ந்தால் இந்தப் பழைய கண்ணாடிக் கருவிகளின் அருமை தெரியும்.

கண்டென்சரை மேலே ஏற்றி வைத்து, அதன் கீழுள்ள, ஒளியின் அளவைக் கட்டுப்படுத்தும் டயாப்ரத்தைத் திறந்தும் மூடியும் பாருங்கள். முழுக்கத் திறந்தால் சாயமேற்றாத செல்கள் வெளிச்சத்தில் கரைந்து மறைந்துவிடும். மிகவும் மூடினால் விளிம்புகள் கறுத்துத் தெரிந்தாலும் நுணுக்கம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில், செல்சுவர் தெளிவாகவும் பின்புலம் இதமான வெளிச்சத்துடனும் தெரியும் நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை லென்ஸை மாற்றும்போதும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

எப்போதும் 4 மடங்கு லென்ஸில்தான் தொடங்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து பார்த்தபடியே லென்ஸை ஸ்லைடுக்கு அருகில் கொண்டுவந்து, பிறகு கண்ணருகு லென்ஸின் வழியே பார்த்துக்கொண்டு பெரிய திருகால் விலக்கிக்கொண்டே போனால் படம் கிடைத்துவிடும். 40 மடங்குக்கு மாறிய பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, ஏனென்றால் அந்த லென்ஸுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி. அந்த லென்ஸின் மேல் 0.17 என்று எழுதியிருப்பது கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். கவர் ஸ்லிப் போடாமல் பார்த்தால் படம் தெளிவு குறைவதற்கு அதுவே காரணம்.

இன்னும் ஒரு சிறு வேலை பாக்கி இருக்கிறது: பார்வைப் புலத்தின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்வது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை மேடையில் வைத்து 4 மடங்கில் பாருங்கள். அகலம் 4.5 மில்லிமீட்டர் என்று வந்தால், 10 மடங்கில் 1.8 மில்லிமீட்டர், 40 மடங்கில் 0.45 மில்லிமீட்டர். இனி ஒரு செல் புலத்தில் எத்தனை பங்கு இடத்தை அடைக்கிறது என்று பார்த்தே அதன் நீளத்தைச் சொல்லிவிடலாம்.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பகுதியில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உப்பு மிகுந்தது. ஸ்லைடின் ஓரம் காயத் தொடங்கியதும் அந்த உப்பு படிகமாகி, புதியவர்கள் அதையே செல் உறுப்பு என்று வரைந்துவிடுகிறார்கள். பேட்டரிக் கடைகளில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கினால் ஓராண்டுக்கு வரும்.

தக்காளி: செல்களை ஒட்டவைப்பது எது?

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கம் விளையும் தக்காளி ஒன்றே முதல் பாடத்துக்குப் போதும். ஆனால் மூன்று நிலைகளில் வேண்டும்: பச்சைக்காய், செங்காய், நன்றாகக் கனிந்த பழம். கனிந்த பழத்தின் தோலுக்கு அடியில் உள்ள சதையிலிருந்து, விதையைச் சூழ்ந்த கூழைத் தவிர்த்து, ஊசி முனையால் கடுகளவு எடுத்து அதன் சாற்றிலேயே ஒரு சொட்டில் பரப்பி, கவர் ஸ்லிப்பை மெதுவாக இறக்குங்கள். 4 மடங்கிலேயே பெரிய பெரிய பைகளாகச் செல்கள் தனித்தனியே மிதப்பது தெரியும். 10 மடங்குக்குப் போனால் ஒவ்வொரு பையின் உள்ளேயும் செம்மஞ்சள் நிறத் துணுக்குகள் தெரியும். லைகோப்பீன் நிறமி சேர்ந்துள்ள கணிகங்கள் அவை. சுவர் முழுமையாக இருக்கிறது. ஆனால் அடுத்த செல்லோடு அதற்கு ஒட்டுறவு இல்லை.

பச்சைக்காயில் இதே சதையைப் பிளேடால் மெல்லிய சீவலாக எடுத்துப் பாருங்கள். செல்கள் ஒன்றையொன்று நெருக்கி, கோணங்கள் விழுந்த வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். ஊசியால் அழுத்தினால் அவை பிரிவதில்லை, கிழிகின்றன. செங்காயில் இரண்டும் கலந்திருக்கும். சில இடங்களில் மூன்று செல்கள் சந்திக்கும் மூலையில் மட்டும் பிளவு தொடங்கியிருப்பதைப் பொறுமையாகத் தேடினால் காணலாம்.

அடுத்தடுத்த இரண்டு செல்சுவர்களுக்கு நடுவே மையத்தட்டு எனப்படும் மெல்லிய அடுக்கு இருக்கிறது. கால்சியத்தால் பிணைக்கப்பட்ட பெக்டின் என்ற பசைப்பொருள்தான் அதன் முக்கியப் பொருள். பழம் கனியும்போது செல்கள் பாலிகேலக்டுரோனேஸ் முதலிய நொதிகளைச் சுரந்து அந்தப் பெக்டினைக் கரைக்கின்றன. இந்த ஒரு நொதியை அடக்கினால் பழம் கெட்டியாகவே இருக்கும் என்ற எண்ணத்தில் மரபணு மாற்றம் செய்யப்பட்ட தக்காளி ஒன்றை அமெரிக்காவில் கால்ஜீன் நிறுவனம் 1994-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது; பழம் மென்மையாவதில் வேறு நொதிகளுக்கும் பங்கு இருப்பதால் எதிர்பார்த்த அளவுக்கு அது கெட்டியாக நிற்கவில்லை. வெளியூர் லாரிக்குச் செங்காயாகவே பறித்து அனுப்பும் வழக்கத்தின் பின்னணியிலும் இந்தப் பெக்டின்தான் இருக்கிறது.

மிளகாய்த் தோலும் பேரீச்சங்கொட்டையும்: சுவரில் உள்ள வழி

ஒட்டியிருப்பது வேறு, தொடர்பில் இருப்பது வேறு. செல்சுவர் என்பது இடையில் நிற்கும் தடுப்பு. அதில் வழி இருந்தால்தான் ஒரு செல்லின் சைட்டோபிளாசம் அடுத்த செல்லின் சைட்டோபிளாசத்தோடு தொடர முடியும். அந்த வழியைக் காட்ட எனக்குத் தெரிந்தவரை மிளகாய்த் தோலுக்கு இணையான எளிய பொருள் வேறில்லை. வெங்காயத் தோலையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் பழக்கத்தால் இது நம் ஆய்வகங்களில் அதிகம் பேசப்படாமல் போய்விட்டது.

காயாத, நன்கு சிவந்த பழ மிளகாய் ஒன்றை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் சதுரத் துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். உட்புறம் மேலே இருக்கும்படி ஸ்லைடில் வைத்து, பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சதையை மெல்ல மெல்லச் சுரண்டுங்கள். சிவப்பு வெளிறி, கண்ணாடித்தாள் போன்ற தோல் மட்டும் மிஞ்சும்போது நிறுத்திவிட்டு, நீரில் அலசி, வெளிப்புறம் மேலே வருமாறு புதிய ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் விரித்து கவர் ஸ்லிப் போடுங்கள். சுரண்டிய கையால் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே கண்ணருகு லென்ஸுக்குப் போக வேண்டும்.

10 மடங்கில் தடித்த சுவருடைய செல்கள் நெருக்கமாக அமைந்திருப்பது தெரியும். அங்கே சுவர் ஒரே சீரான கோடாகத் தோன்றலாம். 40 மடங்குக்கு மாறி, டயாப்ரத்தைச் சற்றுக் குறுக்கி, சிறிய திருகை மிக மெதுவாக முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். ஒரு குறிப்பிட்ட ஆழத்தில் அந்தக் கோடு விட்டுவிட்டுப் புடைத்தும் மெலிந்தும், கோத்த மணிச்சரம்போல மாறிவிடும். மெலிந்த ஒவ்வோர் இடமும் சுவரில் உள்ள ஒரு குழி. இந்தப் பக்கத்துச் செல்லின் குழிக்கு நேர் எதிரே அந்தப் பக்கத்துச் செல்லின் குழியும் இருக்கும், நடுவே மெல்லிய தடுப்பு மட்டும் மிஞ்சியிருக்கும். பிளாஸ்மோடெஸ்மாட்டா கூட்டம் கூட்டமாகக் கடந்து செல்வது இந்தத் தடுப்பின் வழியாகத்தான். மருந்துக் கடை அயோடினை நீரில் கலந்து கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுத்தால், சைட்டோபிளாசம் மஞ்சள்பழுப்பாகி அந்தக் குழிகளுக்குள் நீண்டிருப்பது இன்னும் தெளிவாகும்.

மிளகாயில் கண்டதை உறுதிசெய்துகொள்ளப் பேரீச்சங்கொட்டை உதவும். தருமபுரிப் பக்கம் பேரீச்சை பயிராவதால் புதிய கொட்டைக்கே வழி உண்டு. கடையில் வாங்கிய பழத்தின் கொட்டையும் போதும். இரண்டு மூன்று நாள் ஊறவைத்தோ, ஒரு மணி நேரம் வேகவைத்தோ குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்திலிருந்து புதுப் பிளேடால் சீவல்கள் எடுங்கள். நிறையச் சீவி, அவற்றில் நீரில் கிட்டத்தட்டக் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொட்டை வழுக்கும் என்பதால் விரலில் வெட்டுப்படாமல் இருக்கத் தக்கையில் பதித்துக்கொள்வது நல்லது. கொட்டையினுள் கருவைச் சூழ்ந்து அதற்கு உணவாகும் இந்த முளைசூழ்தசையின் செல்சுவர்கள் மிகவும் தடித்தவை, ஏனெனில் விதை தன் உணவையே சுவராகச் சேமித்து வைத்திருக்கிறது. அந்தத் தடித்த சுவரை ஊடுருவி, ஒவ்வொரு செல்லின் உட்புறத்திலிருந்தும் குறுகிய கால்வாய்கள் கிளம்பி, அடுத்த செல்லின் கால்வாயை நேருக்கு நேர் சந்திப்பதை 40 மடங்கில் ஐயமின்றிக் காணலாம்.

வரலாற்றிலும் இத்தகைய விதைகளில்தான் செல்களின் தொடர்பு முதலில் பிடிபட்டது. 1879-இல் எட்வர்டு டாங்கில், எட்டி முதலியவற்றின் விதைகளில் முளைசூழ்தசையை ஆராய்ந்து, சுவர்களைக் கடக்கும் மெல்லிய கோடுகள் இரண்டு செல்களையும் இணைக்கின்றன என்று எழுதினார். பிளாஸ்மோடெஸ்மாட்டா என்ற பெயரை 1901-இல் எட்வர்டு ஸ்டிராஸ்பர்கர் சூட்டினார். அவர்களைப் பின்பற்றி யாரும் எட்டி விதையைத் தேடிப் போக வேண்டாம். அதில் உள்ள ஸ்டிரைக்னின் கொடிய நஞ்சு. மாணவர்கள் இருக்கும் இடத்தில் அது நுழையவே கூடாது.

இந்த வழியின் அமைப்பை எலக்ட்ரான் நுண்ணோக்கி பின்னாளில் காட்டியது. செல்சவ்வு ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு அறுபடாமல் தொடர்ந்து குழாயின் உட்பூச்சாக அமைகிறது. நடுவில் எண்டோபிளாச வலையின் ஒடுங்கிய குழல் ஒன்று செல்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் கரைபொருள்கள் நகர்கின்றன. பொதுவாக 800 முதல் 1000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) வரை எடையுள்ள மூலக்கூறுகள் தடையின்றிக் கடக்கின்றன. சுக்ரோஸின் எடை 342 டால்டன் என்பதால் சர்க்கரை எளிதாகப் போகும். புரதங்கள் போக வேண்டுமானால் வழி அகல வேண்டும். செல்லுக்குத் தேவைப்படும்போது வாயருகே கேலோஸ் என்ற பொருளைப் படியவைத்து வழியை நெருக்கவும் முடியும். புகையிலைத் தேமல் வைரஸ் தன் 30 கிலோடால்டன் புரதம் ஒன்றால் இந்த வழியை அகலப்படுத்திக்கொண்டே செல்விட்டுச் செல் பரவுகிறது. தக்காளியிலும் மிளகாயிலும் வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸும் இலைக்குள் வந்த பிறகு நம்பியிருப்பது இதே வழியைத்தான்.

வெங்காயம் உப்புநீரில்

சிவப்பு வெங்காயத்தின் செதில் ஒன்றை எடுத்து, அதன் வெளிப்புறத்து ஊதாநிறத் தோலைச் சிறு துண்டாக உரித்துக்கொள்ளுங்கள்; நிறமற்ற உட்தோல் எளிதில் உரியும் என்றாலும் இந்தச் சோதனைக்கு ஊதா நிறம் வேண்டும். நீரில் வைத்து ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் கண்ணை வைத்துக்கொண்டே, 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பு கரைத்த கரைசலை முன்பு சொன்னபடி ஓரத்தில் விட்டு வடிதாளால் இழுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி உள்நோக்கிச் சுருங்கும். சுவர் அப்படியே நிற்க, சவ்வால் சூழப்பட்ட உயிர்ப்பொருள் மட்டும் நீரை இழந்து சுருங்குவதே பிளாஸ்மோலைசிஸ்.

பெரும்பாலான செய்முறை வகுப்புகள் இதோடு முடிந்துவிடுகின்றன. சுருங்கிய உயிர்ப்பொருளுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை, டயாப்ரத்தை நன்றாகக் குறுக்கி 40 மடங்கில் உற்றுப் பாருங்கள். சில செல்களில் மயிரிழையினும் மெல்லிய இழைகள் சவ்வை இன்னும் சுவரோடு பிடித்திருப்பது தெரியலாம். 1912-இல் இவற்றை விவரித்த ஹெக்ட் என்பவரின் பெயரால் இவை ஹெக்ட் இழைகள் எனப்படுகின்றன. சவ்வு சுவரில் பொருந்தியிருக்கும் இடங்களில், குறிப்பாகப் பிளாஸ்மோடெஸ்மாட்டா உள்ள இடங்களில், அது எளிதில் விடுவதில்லை என்பதற்கு இவை கண்கூடான சான்று. எல்லா ஸ்லைடிலும் இவை அகப்படா; அகப்படாவிட்டால் இருந்ததாக வரைந்து வைக்கவும் கூடாது. பிறகு உப்புநீருக்குப் பதிலாக நல்ல நீரை விட்டால் உயிருள்ள செல்கள் மீண்டும் நிரம்பும். நேரம் கடந்துவிட்டால் நிரம்பா.

குளத்துப் பாசியில் ஸ்பைரோகைரா கிடைத்தால், தொட்டால் வழுக்கும் பச்சை இழைகளாக அதை அடையாளம் காணலாம். இனப்பெருக்கத்துக்காக இணைவில் இருக்கும் இழைகளில் எதிரெதிர்ச் செல்களிலிருந்து முளைத்த குழாய்கள் சேர்ந்து ஏணிப்படி வடிவில் நிற்பதையும், ஒரு செல்லின் உட்பொருள் முழுவதும் மற்றதற்குக் கடந்து போயிருப்பதையும் 10 மடங்கிலேயே காணலாம்.

விலங்குச் செல்கள்

விலங்குச் செல்லுக்குச் சுவர் இல்லை. சவ்வும் சவ்வும் நேரடியாக நெருங்கி நிற்கின்றன. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் மெல்லத் தேய்த்து ஸ்லைடில் பூசி, வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் மெத்திலீன் நீலத்தை நீர்த்து ஒரு சொட்டு விடுங்கள். ஒவ்வொருவரும் தம் கன்னத்திலிருந்து தாமே எடுக்க வேண்டும். பயன்படுத்திய குச்சியையும் ஸ்லைடையும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் போட்டுவிட வேண்டும். நீல உட்கருவுடன் தட்டையான செல்கள் தனியாகவும், சில இடங்களில் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த தகடுகளாகவும் தெரியும். ஆழத்து அடுக்குகளில் டெஸ்மோசோம் எனப்படும் புரதப் பிணைப்புகள் செல்களை இறுகப் பிடித்திருக்கின்றன. மேலடுக்குக்கு வந்து சேரும்போது அந்தப் பிணைப்புகள் தளர்ந்துவிடுவதால்தான் மெல்லத் தேய்த்த அளவிலேயே செல்கள் நம் குச்சியோடு வந்துவிடுகின்றன.

செல்சந்திப்பு ஒன்றையே நேரில் பார்க்க வேண்டுமென்றால் பள்ளியில் ஆயத்தமாக வைத்திருக்கும் நிலை ஸ்லைடுப் பெட்டியில் இதயத் தசையைத் தேடி எடுங்கள். 40 மடங்கில் நார்களுக்குக் குறுக்கே இரண்டு வகைக் கோடுகள் தெரியும். நெருக்கமாக, சீரான இடைவெளியில் வருபவை தசையின் வரிகள், அவற்றை விட்டுவிடுங்கள். அவற்றினும் அடர்ந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில இடங்களில் படிக்கட்டாக மடிந்து செல்பவையே இடைத்தட்டுகள். ஒரு தசைச் செல் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அது. டெஸ்மோசோம்களோடு இடைவெளிச் சந்திப்புகளும் அங்கே செறிந்துள்ளன. கனெக்சின் என்ற புரதம் ஆறு சேர்ந்து அரைக்குழாயாகி, எதிர்ச் செல்லின் அரைக்குழாயோடு பொருந்தி, 2 முதல் 4 நானோமீட்டர் இடைவெளியைக் கடக்கும் முழுக் குழாயாகிறது. சுமார் 1000 டால்டன் வரையுள்ள மூலக்கூறுகளும் அயனிகளும் அதில் கடக்கின்றன. மின்தூண்டல் செல்விட்டுச் செல் தாவி, இதய அறைச் சுவர் ஒருங்கே சுருங்குவது இதனால்தான். அதே பெட்டியில் உள்ள எலும்புத்தசை ஸ்லைடை அடுத்து வைத்துப் பாருங்கள். அதில் வரிகள் உண்டு, இடைத்தட்டு இல்லை.

இலைத்துளைக்கு வரும் செய்தி

இதுவரை பார்த்தவை தொட்டுக்கொண்டிருக்கும் செல்களின் தொடர்பு. தொலைவிலிருந்து வரும் செய்தியைக் காட்ட இலைத்துளையே ஏற்றது, அதிலும் மானாவாரி நிலம் மிகுந்த நம் பகுதியில் இதற்கான பயிரைத் தேட வேண்டியதில்லை. இரண்டு தொட்டிகளில் ஒரே வயதுள்ள அவரைச் செடிகளை வளர்த்து, ஒன்றுக்கு வழக்கம்போல் நீர் விட்டு, மற்றொன்றுக்கு இலை சற்றே தொய்யத் தொடங்கும்வரை நீரை நிறுத்துங்கள். வெயில் ஏறிய காலை நேரத்தில், இரண்டு செடிகளிலும் ஒரே உயரத்தில் உள்ள இலைகளின் அடிப்புறத்தில் நிறமற்ற நகப்பூச்சை மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் காயவிட்டு, ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவால் உரித்து நேராக ஸ்லைடில் ஒட்டிவிடுங்கள். இலையின் அச்சு அதில் பதிந்திருக்கும். மயிர் அடர்ந்த இலைகளில் இது சரிவராது.

10 மடங்கில் இடத்தைத் தேர்ந்து, 40 மடங்கில் ஐம்பது துளைகளை எண்ணி, அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன என்று குறியுங்கள். சிறுநீரக வடிவிலான இரண்டு காப்புச் செல்கள் வளைந்து விலகியிருந்தால் திறந்த துளை. நேராகி ஒட்டியிருந்தால் மூடியது. நீரற்ற செடியில் மூடியவை மிகுந்திருக்க வேண்டும். அவரையில் கை பழகிய பிறகு கேழ்வரகு இலைக்குப் போங்கள். புல்லினத்துக்கே உரிய, இரு முனையும் பருத்து நடு ஒடுங்கிய காப்புச் செல்களையும், அவற்றின் இருபுறமும் துணைச் செல்களையும் அதில் காணலாம். துளைகள் நரம்புக்கு இணையாக வரிசை பிடித்திருப்பதால் எண்ணுவதும் எளிது.

முதிர்ந்த காப்புச் செல்களுக்கு அண்டைச் செல்களோடு இயங்கும் பிளாஸ்மோடெஸ்மாட்டா கிடையாது என்பது இங்கே கவனிக்க வேண்டியது. மிளகாய்த் தோலில் பார்த்த வழி இங்கே அடைக்கப்பட்டிருப்பதால்தான் காப்புச் செல் தன் நீரழுத்தத்தைத் தனியே ஏற்றி இறக்க முடிகிறது. செய்தி சுவரில் உள்ள நீரின் வழியே அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஹார்மோனாக வந்து சேர்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிப் புரதங்கள் 2009-இல் இனங்காணப்பட்டன. ஏற்பி அமிலத்தைப் பற்றியதும் எதிரயனிகளும் அவற்றைத் தொடர்ந்து பொட்டாசியமும் செல்லை விட்டு வெளியேறுகின்றன, நீரும் பின்தொடர்கிறது, செல் தளர்ந்து துளை மூடுகிறது. காய்ந்த மண்ணை முதலில் உணரும் வேர், அதை இலைக்கு எப்படித் தெரிவிக்கிறது என்பதற்கு ஒரு விடை 2018-இல் கிடைத்தது: ஆய்வகங்களில் பரவலாக வளர்க்கப்படும் அராபிடாப்சிஸ் செடியில், வேரில் உருவாகும் சி.எல்.இ.25 என்ற சிறு புரதத்துண்டு மேலே பயணித்து, இலையில் அப்சிசிக் அமில உற்பத்தியைத் தூண்டுகிறது.

இரண்டு செடிகளின் அச்சையும் ஒரே நேரத்தில் எடுப்பது கட்டாயம். ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை நண்பகலிலும் எடுத்தால் வேறுபாடு நீரால் வந்ததா வெயிலால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஸ்லைடின் ஓரத்தில் பயிரின் பெயர், இலையின் எந்தப் பக்கம், நாள், மணி ஆகியவற்றை எழுதிவைத்தால் இந்த அச்சுகள் அடுத்த வகுப்புக்கும் உதவும். மிளகாய், பேரீச்சைச் சீவல்களை ஒரு வாரம் வைத்திருக்க வேண்டுமானால் நீருக்குப் பதில் கிளிசரினில் வைத்து, கவர் ஸ்லிப்பின் நான்கு ஓரங்களையும் அதே நகப்பூச்சால் அடைத்துவிடுங்கள்.